மீதிச் சரக்கு பின்னால் வரும்

ஆம்பூரிலிருந்து லண்டனுக்குப் போகிற தோல் பாதிதான் பதனிடப்பட்டிருக்கும். சுண்ணாம்பில் ஊறி, மயிர் கழிந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் கிடந்து, எண்ணெய் தடவிக் காய்ந்து, கட்டுகளாகக் கப்பல் ஏறிவிடும். மீதி வேலையை அங்கே இருப்பவன் செய்துகொள்வான். ‘இது எங்கள் ஊர்ச் சுண்ணாம்பில் ஊறியதல்ல, முதலிலிருந்து மறுபடி ஊறப்போடு’ என்று இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரனும் எங்களுக்கு எழுதியதில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதுவதுதான் என் வேலை.

என் மகன் வடக்கே ஒரு வருஷம் உட்கார்ந்து சட்டம் படித்து, பரீட்சை எழுதித் தேறி, அதற்கான காகிதத்தோடு திரும்பி வந்தான். தெற்கே ஒரு சட்டக் கல்லூரியின் ஆபீஸில், அந்த வருஷம் செல்லாது, முதலிலிருந்து படி என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு ஃபாரம் உண்டு, ஒரு கடைசித் தேதி உண்டு என்பார்கள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். சுபாவத்திலேயே நான் பயந்தவன். கதவைத் தாழிட்டுவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பேன். மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் தெருவுக்கு வராது என்று தெரிந்தும் பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றுவேன். மெட்ரிகுலேஷனுக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஆம்பூர்ச் சாயபு. என்னை ‘ரைட்டர்’ என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். ஆனால் மண்டியின் வாசனை எப்படிக் குளித்தாலும் போகாது. ரயிலில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் மகன் அப்படி ஒருவன் முகத்தைத் திருப்பும்படி வாழக்கூடாது, கறுப்புக் கோட்டுப் போட வேண்டும் என்பது என் ஆசை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

என் மைத்துனர் மத்திய மாகாணத்தில் ரயில்வே வேலையில் இருந்தார். வேலூரில் இண்டர்மீடியட் முடிந்ததும் மகனை அவரிடம் அனுப்பினேன். அங்கே சரித்திரத்தை எடுத்துப் பி.ஏ. தேறினான். அந்தப் பாடத்திலேயே அரசியல் அமைப்பு, சட்டங்கள் உண்டான வரலாறு என்று இரண்டு பேப்பர்கள் இருந்தன. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எம்.ஏ. படிக்கிறவன் விடியற்காலையில் சட்ட வகுப்புக்கும் போகலாம். என் மகன் இரண்டிலும் சேர்ந்தான். குளிர்காலத்தில் ஏழு மணி வகுப்புக்கு மாமாவின் ரயில்வேக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனதாக எழுதுவான். அந்தக் கோட்டில் இரண்டு பேர் நுழையலாம், நானும் சரித்திரமும் சேர்ந்தே போகிறோம் என்று வேடிக்கையாக எழுதியிருந்தான். முதல் வருஷச் சட்டப் பரீட்சையில் தேறினான். அந்தக் கோடையில் மைத்துனரைக் காட்டுப் பக்கத்து ஜங்ஷன் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். தங்க வீடில்லாமல் மகன் எம்.ஏ.யைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினான்.

கையில் மூன்று காகிதங்கள் இருந்தன. ஒன்று பி.ஏ. பட்டம். இன்னொன்று சட்ட வகுப்பில் ஒரு வருஷம் ஒழுங்காக வந்தான் என்ற சர்டிபிகேட். மூன்றாவது, பரீட்சையில் தேறிய தாள். இந்த மூன்றையும் வைத்து இங்கே இரண்டாம் வருஷத்தில் சேர்ந்துவிட்டால், அடுத்த வருஷம் பி.எல். முடிந்துவிடும்.

அந்த ஒரு வருஷத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்றால், வேலூரில் ஒரு வக்கீல் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் முதலாளியின் வழக்குகளைப் பார்க்கிறவர். அவரிடம் ஜூனியராக இருந்தவர் சித்தூருக்குப் போகப்போகிறார், பையன் அடுத்த வருஷம் பாஸ் பண்ணி வந்தால் அந்த நாற்காலி அவனுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். சொந்தக்காரர்களில் ஒரு வக்கீல் குமாஸ்தாகூட இல்லாத எங்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

தோல் வியாபாரத்தில் முதல் பாடம், மாதிரியை அனுப்பு, சரக்கை அனுப்பாதே. கட்டிலிருந்து இரண்டு தோலை எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்புவோம். மாதிரி சரி என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கட்டு கிளம்பும். சரக்கு முழுவதும் அவன் கிடங்குக்குப் போய்விட்டால் அப்புறம் அவன் வைத்ததுதான் தரம். பேரணாம்பட்டில் ஒரு சிறு முதலாளி அவசரப்பட்டு மொத்தக் கட்டையும் அனுப்பிவிட்டார். இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டார்கள். கடல் தாண்டிப் போன தோலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அந்த மனிதர் எங்கள் மண்டி வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கல்லூரிக்குப் பி.ஏ. பட்டத்தின் நகலை மட்டும் அனுப்பினேன். இது தங்களுக்கு ஏற்புடையதா என்று தெரிவிக்க வேண்டும், ஏற்புடையதானால் மீதிக் காகிதங்கள் தயாராக உள்ளன, தங்கள் பதில் கண்டதும் அனுப்புகிறோம் என்று இங்கிலீஷில் டைப் அடித்தேன். நல்ல காகிதமாக இருக்கட்டும் என்று மண்டியின் அச்சடித்த கடிதத் தாளில் அடித்தேன். அந்தத் தாளின் தலையில் ஒரு வெள்ளாட்டுப் படம் இருக்கும்.

மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“மூணையும் ஒண்ணா அனுப்பிடலாம் நைனா. கேக்கறது ரெண்டாவது வருஷம். மொத வருஷக் காகிதம் இல்லாம எப்பிடிக் கேக்கறது?”

“மொத்தத்தையும் மொதல்லயே காட்டிட்டா அவன் சொல்றதுதான் தரம். பட்டம் செல்லும்னு மொதல்ல எழுதி வாங்கிடுவோம். கையெழுத்துப் போட்டுட்டான்னா அப்புறம் பேச்சு மாத்த முடியாது.”

“அது தோலு நைனா.”

“காகிதமும் அப்பிடித்தான். கைய வுட்டுப் போனா போச்சு.”

அவன் உறையை எடுத்து நீட்டினான். வடக்கே மூன்று வருஷம் இருந்தும் என்னை எதிர்த்துப் பேசப் பழகாமல் வந்தவன். பழகியிருக்கலாம்.

கிட்டத்தட்ட மூன்று வாரம் பதில் இல்லை. மண்டியில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தரம் பிரிக்கிறவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா ரைட்டரே, வீட்டுச் சரக்கு இன்னும் கப்பல் ஏறலியா?” என்பார். சிரித்துக்கொண்டே போவேன். பிறகு ஒருநாள் கடிதம் வந்தது. முதல் வரியில், மனுதாரரின் பட்டம் ஏற்கத் தக்கது என்று இருந்தது. நான் அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். முதலாளியிடம் ஓடிப்போய், சாம்பிள் பாஸ் என்று சொன்னேன். எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது மகன்தான் கடிதத்தை வாங்கி இரண்டாம் வரியைப் படித்தான். மனுதாரர் முதலாண்டு வகுப்பில் சேரலாம்.

மீதியை நாம் இன்னும் அனுப்பவில்லையே, அதனால் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, மற்ற இரண்டையும் அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இந்தத் தடவை பதில் சீக்கிரம் வந்தது. வேறு பல்கலைக்கழகத்தில் படித்த சட்ட வருஷத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோருகிறவர்கள் எல்லாச் சான்றுகளையும் மனுவுடனேயே அனுப்பியிருக்க வேண்டும்; கடைசித் தேதி கடந்துவிட்டது; கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது.

கல்லூரியிலிருந்து வந்த முதல் கடிதத்தை எடுத்து அதிலிருந்த தேதியைப் பார்த்தேன். கடைசித் தேதிக்கு மறுநாள் எழுதியிருக்கிறார்கள். என் கடிதம் மூன்று வாரம் அவர்கள் மேஜையில் கிடந்திருக்கிறது. மீதிக் காகிதங்கள் தயாராக உள்ளன என்ற வரியை ஒரு மனிதன் படித்திருக்கிறான். தேதி முடியும்வரை வைத்திருந்து, முடிந்த மறுநாள் பட்டம் செல்லும் என்று எழுதியிருக்கிறான்.

மகனை அழைத்துக்கொண்டு ரயில் ஏறிப் போனேன். பிரின்ஸிபால் துரை வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போயிருந்தார். எங்களைத் தலைமைக் குமாஸ்தாவிடம் அனுப்பினார்கள். அவர் என் கடிதத்தைக் கட்டிலிருந்து உருவி, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“இது யார் எழுதினது?”

நான்தான் என்றேன்.

“ஆட்டுப் படம் போட்டு ஒரு அப்ளிகேஷன் இப்பத்தான் பாக்கறேன்.” பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். “நீங்க கேட்டது என்ன? இந்தப் பட்டம் செல்லுமான்னு. செல்லும்னு எழுதிட்டோம். வேற என்ன குறை?”

“மீதி தயாரா இருக்குன்னு எழுதியிருந்தேனே சார். தேதி முடியப்போவுதுன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே.”

“தேதி நோட்டீஸ்ல அச்சடிச்சிருக்கு. வீட்டு வாசலுக்கு வந்து தண்டோரா போடணுமா?”

என் மகன் பையிலிருந்து ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். வடக்கே முழுவதும் படித்து, ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்த புத்தகம். அங்கே படித்த சட்டமும் இங்கே சொல்லிக்கொடுக்கிற சட்டமும் ஒன்றேதான் என்று மெதுவாகச் சொன்னான். தலைமைக் குமாஸ்தா அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை.

“ஒண்ணுதான். யார் இல்லைன்னா? ரெண்டாம் தடவை கேட்டா இன்னும் நல்லாப் புரியும். ஹிஸ்டரி படிச்ச பையன்தானே, பழசையே திரும்பக் கேக்கறது பழக்கமாத்தான் இருக்கும்.”

பக்கத்து மேஜைக்காரர் மறுபடியும் சிரித்தார். நான் அங்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கும்பிடுக்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

கேட்க வேண்டியதையெல்லாம் ரயிலில்தான் கேட்டேன், என் மகனிடம். தண்டனைச் சட்டம் விந்திய மலைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்றா? அங்கே கொலை செய்தவனை எந்தப் பிரிவில் தூக்கில் போடுகிறார்களோ அதே பிரிவில்தானே இங்கேயும் போடுகிறார்கள்? ஓர் ஆளைத் தூக்கில் போட அது செல்லும், என் மகன் அதைப் படித்தது மட்டும் செல்லாதா? சரித்திரம் படித்தது செல்லும் என்கிறார்கள். அதே பல்கலைக்கழகம், அதே முத்திரை. அந்த முத்திரை பட்டத்தில் இருந்தால் செல்லும், சர்டிபிகேட்டில் இருந்தால் நாள் பார்த்துத்தான் செல்லுமா? அரக்கோணத்தில் ஆரம்பித்தவன் காட்பாடி தாண்டியும் நிறுத்தவில்லை. எதிரே இருந்தவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வாசனைக்கா, என் சத்தத்துக்கா, தெரியவில்லை. மகன் ஒப்பந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மாதம் முழுக்க மனு எழுதினேன். பிரின்ஸிபாலுக்கு எழுதினேன், பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், கல்வி இலாகாவுக்கும் எழுதினேன். இந்தத் தடவை வெள்ளைத் தாளில், எல்லா நகல்களையும் சேர்த்து வைத்து. பதில்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினாற்போல வந்தன. கடைசியில், மகனையும் அழைத்துக்கொண்டு வேலூர் வக்கீலிடம் போனேன். வழக்குப் போடலாமா என்று கேட்கத்தான் போனேன்.

அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே என் முதல் கடிதத்தின் நகலைப் படித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“இன்னா சார் இது? தோல் வித்திருக்கீங்க.”

நான் மாதிரி அனுப்பும் முறையை விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மூணு காகிதமும் ஒரே உறையில போயிருந்தா, கண்ண மூடிக்கிட்டு ரெண்டாவது வருஷத்துல போட்டிருப்பாங்க. போன வருஷம் சித்தூர்ப் பையன் ஒருத்தன் அப்பிடித்தான் சேந்தான். அவன்கூட வடக்கதான் படிச்சது.” பிறகு என் மகனைப் பார்த்தார். “ஏம்பா, நீ சட்டம் படிச்சவனாச்சே. உனக்குத் தோணலியா?”

என் மகன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “தோணலிங்க சார்” என்றான்.

அந்த ஒரு வார்த்தை என்னை அடித்ததுபோல அந்த ஆபீஸின் சிரிப்புக்கூட அடிக்கவில்லை. அவனுக்குத் தோன்றியது, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். வக்கீல் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். வழக்குக்கு இடமில்லை, நாற்காலியையும் காத்துவைக்க முடியாது, வருகிற வருஷம் அவருடைய அக்காள் மகன் பாஸ் பண்ணிவிட்டு வருகிறான், வீட்டில் பேச்சு வரும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். நாங்கள் தப்பாக நினைக்கவில்லை என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் அந்த மாதம்.

கோட்டை அகழி ஓரமாக ஸ்டேஷனுக்கு நடந்தோம். நான் மறுபடியும் தலைமைக் குமாஸ்தாவைத் திட்ட ஆரம்பித்தேன். வேறு எதுவும் பேச எனக்கு வாய் வரவில்லை. மகன் நடந்துகொண்டே, குரல் உயர்த்தாமல் சொன்னான்.

“அவர திட்டாதீங்க நைனா. நீங்க கேட்டீங்க. அவரு பதில் சொன்னாரு.”

பிறகு டிக்கெட் வாங்க முன்னால் போனான்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “ரொம்ப பேஜார் பண்ணிக்காதீங்க ரைட்டர்” என்றார். “தோலுக்கு வாய் கெடையாது. அதுக்காவ நாம சாம்பிள் அனுப்பறோம். உங்க பையனுக்கு வாய் இருந்துச்சில்ல? அவன் சொன்னான்னு நீங்களே சொல்றீங்க. கேட்டிருக்கலாம்.”

கேட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பழியை முழுவதும் நானே சுமக்க நான் தயாராக இல்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான். தோல் விற்கத் தெரிந்த ஒருவன் கல்லூரிக்குக் கடிதம் எழுதத் தெரியாமல் எழுதினான். சரி. அதைப் படித்தவர்கள் படித்தவர்கள்தானே? மகனுக்கு ஒரு வருஷம் போகப்போகிறது என்று அந்தக் கடிதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தபால் கார்டில் ஒரு வரி போதும். நியாயம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் அந்த ஒரு வரிக்கு ஆள் இல்லை. என் தப்பின் பங்குக்கு நான் ஒரு வருஷமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர்கள் பங்குக்கு அங்கே யாராவது ஒரு வேளை பட்டினி கிடந்தார்களா?

மகன் அந்த வருஷமே முதலாண்டு வகுப்பில் சேர்ந்தான். தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு உட்கார்ந்து, பென்சில் குறித்த அதே புத்தகத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து கேட்டான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டான். சாப்பாடு நன்றாக இருக்கிறது, உடம்பு சௌக்கியம், அவ்வளவுதான். வேடிக்கையாக ஒரு வரிகூட இல்லை. என் மனைவி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “புள்ள கம்மியா எழுதறான்” என்பாள். வேலூர் நாற்காலியில் இப்போது வக்கீலின் அக்காள் மகன் உட்கார்ந்திருக்கிறான். நல்ல பையன் என்கிறார்கள். என் மகன் பாஸ் பண்ணிவிட்டு எங்கே போவான் என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கோடைக்கு வந்திருந்தான். பரீட்சையில் தேறியிருந்தான், இரண்டாம் தடவையாக. இரண்டாம் வருஷத்துக்கு மறுபடியும் மனு அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து நாளாகக் கேட்காமல் இருந்தேன். கடைசித் தேதி எது என்று அந்த நோட்டீஸை நானே தேடிப் படித்து வைத்திருந்தேன். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அவன் கல்லூரிக்குக் கிளம்புகிற அன்று காலையில் தாங்க முடியவில்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

“காகிதமெல்லாம் ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்” என்றேன்.

“அனுப்பிட்டேன் நைனா.”

“எப்போ?”

“ரிசல்ட் வந்த அன்னிக்கே.”

“எல்லாமா?”

“எல்லாம். ஒண்ணா.”

“ரசீது?”

“இருக்குது.”

நான் கையை நீட்டினேன். பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, பழக்கம். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு பெட்டியை மூடி, பூட்டு விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். சாவியை அரைஞாணில் கோத்து, வேட்டிக்குள் விட்டுக்கொண்டான்.